அன்றைக்கு உன் முறை இல்லை

இன்று காலை நகரத்து வணிக வளாகம் ஒன்றில் இருந்தேன். முதல் மாடி முழுக்க ஒரே கடை. கிரிக்கெட் மட்டை, கூடாரம், யோகா பாய், நீச்சல் கண்ணாடி, அவற்றுக்கு நடுவே எங்கள் கம்பெனியின் சைக்கிள்கள். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவது என் வேலை. ஓர் அம்மா தன் மகளுக்குச் சைக்கிள் எடுத்துக்கொண்டிருந்தார். மகள் மாவட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறாளாம். விலையைக் கேட்டு அந்த அம்மா ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார், ஆனாலும் சரி என்றார். நான் குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு யாரோ திருகி நிறுத்தியிருக்கிறார்கள். "ஏம்மா, இது திரும்பி இருக்கே" என்றேன். சீருடை போட்ட விற்பனைப் பெண் சிரித்த முகம் மாறாமல், "மேடம், இது புது டிசைன்" என்றாள்.

நீ அங்கே இருந்திருந்தால் என்ன பேசியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். எழுதத்தான் முடியாது. நான் விடாமல் நின்று அதைக் கழற்ற வைத்தேன். கிரீஸ் டப்பாவைத் திறந்தார்கள். உன் கடையின் அந்த வாசனை வந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மூன்று வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நீ போயே ஒரு வருடம் ஆகப் போகிறது. இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை.

பொன்னேரி கல்லூரியில் நாம் இருவரும் வணிகவியல். நான் அனுப்பம்பட்டிலிருந்து ஒரே ஒரு நிலையம் ரயிலில் வருவேன். நீ பழவேற்காட்டிலிருந்து திருப்பாலைவனம் வழியாக வரும் பேருந்தில் கூட்டத்தில் நசுங்கி வருவாய். முதல் நாளே என் பெயரைக் கேட்காமல் "ஏ அனுப்பம்பட்டு" என்று கூப்பிட்டாய். கடைசி வரை எனக்கு அதுதான் பெயர். உன் கைகள் எப்போதும் கீறலோடு இருக்கும். விடியும்போதே அம்மாவோடு ஏரியில் இறங்கி, ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருவாய். தண்ணீருக்குள் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கண்ணு எதுக்குடி? அங்க கைதான் பார்க்கணும்" என்றாய். பிற்பாடு சைக்கிளையும் நீ அப்படித்தான் பார்த்தாய். முகம் தெருவைப் பார்த்திருக்கும், விரல் சக்கரத்தில் இருக்கும், "உள்ள ஒரு பால்ஸ் உடைஞ்சிகீது" என்பாய். கழற்றிப் பார்த்தால் பேரிங் குண்டு ஒன்று உடைந்திருக்கும்.

படிப்பு முடிந்ததும் நான் சைக்கிள் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். நீ அதே நகரத்தில், விலை உயர்ந்த சைக்கிள்களை மட்டும் விற்கிற ஒரு கடையின் பட்டறையில் சேர்ந்தாய். பட்டதாரிப் பெண் கையில் கரியைப் பூசிக்கொள்கிறாளே என்று உன் நைனா ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. அப்புறம் அவருக்கே நடக்க முடியாமல் போனது. நீ ஊருக்குத் திரும்பி, பழவேற்காடு பஜாரில் தகரக் கூரை போட்ட சைக்கிள் கடையைத் திறந்தாய்.

அந்த ஊரில் விலை உயர்ந்த சைக்கிளை யார் வாங்குவார்கள் என்று நானே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் வருவார்களே, டச்சுக் கல்லறையைப் பார்க்க, அவர்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. எலும்புக்கூடு செதுக்கிய அந்த வாசலில் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுப்பார்கள். திரும்பும்போது கியர் மாறவில்லை, சங்கிலி கத்துகிறது என்று உன்னிடம் வருவார்கள். நீ சைக்கிளைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பாய். "முட்டி வலிக்குதா? வலிக்கும். இது உங்க உயரத்துக்கு சைக்கிளே இல்ல சார். யார் தலையில கட்டினாங்க?" சீட்டை ஏற்றி, கைப்பிடியை நகர்த்தி, கல்லறை வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வரச் சொல்வாய். வந்தவர் முகம் மாறியிருக்கும். அடுத்த சைக்கிள் வாங்கும்போது உன்னைக் கேட்காமல் வாங்க மாட்டார். "செத்த டச்சுக்காரன் தயவுல நான் பொழைக்கிறேன்டி" என்று சிரிப்பாய்.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீன் படாது. நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அதனால் இன்றைக்கு இந்த வலைக்காரர், நாளைக்கு அந்த வலைக்காரர் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு இல்லாத நாளில், மீன் கண்ணெதிரே துள்ளினாலும் அந்த இடத்தில் வலை இறக்கக் கூடாது. ஆனால் அந்த முறையில் இடம் வலைக்காரக் குடும்பங்களுக்கு மட்டும்தான். கையால் தடவிப் பிடிக்கிற உங்கள் வீடுகளுக்குப் பாடே கிடையாது. மிச்ச இடத்தில், மிச்ச நேரத்தில் தடவிக்கொள்ள வேண்டியதுதான்.

நீ கடை திறந்தபோது பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருந்தார். கேரியர் வைத்த சாதாரண சைக்கிள், வாடகை, பஞ்சர். வெளியூர் ஆள் ஒருவர் தெருவில் தலை காட்டினால் நீ ஒரு பக்கம் கூப்பிட, அவர் ஒரு பக்கம் கூப்பிட, தினமும் சண்டை. ஒரு நாள் நீயே அவரிடம் போனாய். "பாய், இந்த பேஜார் நமக்கு வேணாம். ஒரு நாள் உங்க முறை, ஒரு நாள் என் முறை. பழகினவங்க அவங்கவங்க கடைக்குப் போகட்டும். புதுசா வர்ற ஆளு முறைக்காரர் கிட்டதான் முதல்ல போகணும். தன்கிட்ட இல்லாத சரக்குன்னா அவரே அடுத்த கடைக்கு அனுப்பட்டும்." பாய் ஒப்புக்கொண்டார். அன்றோடு சண்டை நின்றது. இரண்டு கடையிலும் ஒரே நாட்காட்டி. உன் நாளுக்குச் சிவப்புப் பொட்டு, அவர் நாளுக்குப் பச்சைப் பொட்டு. "ஏரியிலதான் எங்களுக்குப் பாடு இல்ல. பஜார்ல இருக்கு பாரு" என்று அதை எனக்குக் காட்டினாய். அவ்வளவு பெருமையாக நீ வேறெதையும் காட்டி நான் பார்த்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனி, நகரத்துக்கு வடக்கே ஒரு டீலரைத் தேடியது. இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று, இன்று காலை நான் போன கடையின் முதலாளிகள், ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய கடைக்காரர்கள். நெடுஞ்சாலையில் புதுக் கிளை திறக்கப் போகிறார்கள், எங்கள் சைக்கிள் முழு வரிசையும் வேண்டும் என்றார்கள். இன்னொன்று, நீ. உன் பெயரைப் பட்டியலில் சேர்த்தவள் நான்தான்.

வாரக்கணக்கில் பேசினார்கள். பெரிய கடை என்றால் கண்ணாடி வாசல், தவணை வசதி, எல்லா ஊரிலும் ஒரே பலகை, ஒரே கையெழுத்தில் ஒரு வண்டி நிறையச் சரக்கு போகும். ஆனால் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பூட்டத் தெரிந்தவர் இருக்க மாட்டார். கையிருப்பில் இருப்பது சின்ன அளவென்றால் ஆறடி ஆளையும் அதில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பண்டிகை வந்தால் விலையைக் குறைத்து, பொருளுக்கு இருக்கும் மரியாதையையும் குறைப்பார்கள். உன் மாதிரிக் கடையில் குறைவாகத்தான் விற்கும், ஆனால் விற்றது திரும்பி வராது, வாங்கியவர் இன்னொருவரை அழைத்து வருவார். இரண்டு பேருக்கும் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதை நான் உன்னிடம் சொன்னபோது குதித்தாய். "அளவெடுக்க என் கடை, வாங்க அந்தக் கடையா? ஒரு மணி நேரம் முட்டியையும் முதுகையும் நான் பார்த்து அனுப்புவேன், அவன் அங்க போய் தள்ளுபடியில வாங்கிக்குவான். கொடுத்தா ஒருத்தருக்குக் கொடுங்க." நீ சொன்னதை என் சொந்தக் கருத்து மாதிரி கூட்டத்தில் சொன்னேன். நல்ல பெயர் கிடைத்தது, எனக்கு.

உனக்கு அந்த டீலர்ஷிப் எதற்கு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். கூரை, பலகை எல்லாம் அப்புறம். "அம்மா இடுப்பு போயிடுச்சிடி. இது மட்டும் அமைஞ்சா அவங்களைத் தண்ணியில எறங்க விட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாய். அதை வேண்டுதல் மாதிரி இரண்டு தடவை சொன்னாய்.

முடிவெடுக்கும் முன் கம்பெனி ஒரு சோதனை வைக்கும். வாங்க வந்தவர் மாதிரி ஒருவரை இரண்டு கடைக்கும் அனுப்புவார்கள். வரவேற்றார்களா, ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்களா, விற்க முயன்றார்களா என்று அவர் படிவத்தில் எழுதுவார். எந்த நாள் என்று கடைக்காரருக்குத் தெரியக் கூடாது. அந்தக் கோப்பு என் மேசையில்தான் இருந்தது. அதில் குறித்திருந்த நாள் வியாழக்கிழமை.

அதற்கு முந்தின ஞாயிறு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா நண்டு வறுத்து வைத்திருந்தார். அலுவலகத்தில் முள்கரண்டி பிடித்துப் பழகி நண்டு உடைக்க மறந்துவிட்டேன் என்று கேலி செய்து, நீயே உடைத்து உடைத்து என் தட்டில் வைத்தாய். "உன் ஆபீஸ்காரங்க எப்பதான் வருவாங்க?" என்று கேட்டாய். "தெரியாதுடி" என்றேன். கடையில் நாட்காட்டியைப் பார்த்தேன். வியாழக்கிழமையில் பச்சைப் பொட்டு இருந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு விலை உயர்ந்த சைக்கிள் கேட்டு வருகிற ஆளை நீ பாய் கடைக்கா அனுப்பப் போகிறாய், அவரிடம் அந்தச் சைக்கிளே கிடையாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், அலுவலகத்தில் தேதியை ஒரு நாள் தள்ளி வைத்திருக்கலாம். அதுவும் செய்யவில்லை. விதிப்படி நடக்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேருந்து ஏறினேன்.

படிவம் வந்தது. பெரிய கடையைப் பற்றி எல்லாக் கட்டத்திலும் "ஆம்". உன் கடையைப் பற்றி ஒரே வரி: "கடைக்காரர் என்னிடம் எதையும் விற்க முயலவில்லை, பக்கத்துப் போட்டிக் கடைக்குப் போகச் சொன்னார்." மேலாளர் அதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். "நம்ம சரக்கை விக்கச் சொன்னா அடுத்தவன் கடைக்கு வழி காட்டுறாங்களே" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேலாளர் என் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே? அங்க எல்லாம் இப்படித்தானா? இதுக்கு ஏதாவது காரணம் தெரியுமா?"

எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். இவள் முறை தவறாதவள், தன் நாள் இல்லாத நாளில் பிறர் பிழைப்பில் கை வைக்காதவள், உங்கள் பொருளின் விலையையும் மரியாதையையும் இவளைவிட ஒழுங்காக யாரும் காப்பாற்ற மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் பயந்துகொண்டிருந்ததே அந்த ஒழுங்கு இல்லாத கடைக்காரரைத்தான். ஆனால் நீ என் சிநேகிதி என்று நான் அலுவலகத்தில் சொல்லவில்லை. பட்டியலில் இருப்பவர் யாராவது எனக்கு வேண்டியவரா என்று கேட்கும் தாளில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். அதோடு, அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு என் மேல் திரும்பிவிடும் என்று பயந்தேன். "தெரியாது சார்" என்றேன். ஒரே வாரத்தில் இரண்டாவது "தெரியாது".

நேரில் வந்து சொல்லும் நாணயமாவது இருந்தது என்று கொஞ்ச நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். டீலர்ஷிப் பெரிய கடைக்குப் போய்விட்டது என்றேன். நீ டம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டிருந்தாய். "நான் இன்னா தப்பு பண்ணேன்? சொல்லு, திருத்திக்கிறேன்" என்றாய். "உன் மேல தப்பு ஒண்ணும் இல்லடி. கம்பெனி பெருசா யோசிக்குது" என்றேன். என் முகத்தையே பார்த்தாய். பிறகு, "அவங்க கிட்ட நீ இன்னா சொன்னே?" என்று கேட்டாய். "என்னால முடிஞ்சதைச் சொன்னேன்" என்றேன். அதற்கு மேல் நீ கேட்கவில்லை. பேருந்து வரும் வரை என்னோடு நின்று, ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு நீ சொன்னபடியே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் உன்னிடம் உட்கார்ந்து அளவு பார்த்துவிட்டு, நெடுஞ்சாலைக் கடையில் போய் வாங்கினார்கள். அங்கே தப்பாகப் பூட்டிக் கொடுத்ததை உன்னிடமே கொண்டு வந்து சரி செய்தார்கள். அவர்களில் புதிதாக வந்தவர்களைப் பச்சைப் பொட்டு நாளில் நீ முதலில் பாயிடம் அனுப்பினாய், அவர் உன்னிடம் திருப்பி அனுப்பினார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. உன்னைப் பார்க்க வருவது குறைந்தது. வேலை அதிகம் என்று சொன்னேன். வேலை என்ன அதிகம், உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை. போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. வருகிற ஞாயிறு போய்ப் பார்ப்போம் என்று இரண்டு ஞாயிறு இருந்துவிட்டேன். மூன்றாவது ஞாயிறு நீ இல்லை.

பதினாறாம் நாள் வந்தேன். உன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களில் புதுக் கீறல்கள் இருந்தன. அந்த வாரமும் ஏரியில் இறங்கியிருக்கிறார். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வெளியே வந்து, பூட்டியிருந்த உன் கடைக்கு எதிரே நின்றேன். பாய் தன் கடையிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்து போட்டு, உட்காரச் சொன்னார்.

"அந்த ஆளு வந்த அன்னிக்கி எனக்கு நல்லா ஞாபகம் கீது மா" என்றார். "ஷூவைப் பார்த்தே கண்டுபுட்சிட்டா. 'சைக்கிள் ஓட்ற ஆளு இல்ல பாய், கம்பெனி ஆளு, பரீட்சை வைக்க வந்துகிறான்'னு என் காதாண்ட சொன்னா. அட போ மா, முறையாவது ஒண்ணாவது, நீயே பாருன்னேன். கேக்கல. என்கிட்ட அனுப்பிட்டா. நான் அந்த ஆள் கையைப் புட்சி, அந்தப் பொண்ணு கடைதான் சார் உங்களுக்குன்னு சொன்னேன். அவன் திரும்பிக்கூடப் பாக்காம கார்ல ஏறிட்டான்."

ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"'எனக்கு வேணும்கிற அன்னிக்கி முறையை மாத்தினா அப்புறம் அது இன்னா முறை பாய்'னா. எனக்குத்தான் பயம், உன் பொழப்பு போயிடப் போவுது மான்னேன். அவ சிரிக்கிறா. 'நீங்க ஏன் பயப்பட்றீங்க? என் சிநேகிதி அங்கதான் கீறா. பாடுன்னா இன்னான்னு அவ எடுத்துச் சொல்லுவா'ன்னா."

டீ டம்ளரை உருட்டிக்கொண்டு நீ கேட்ட இரண்டு கேள்விகளும் எனக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் விளங்கின. அந்த ஆள் யார் என்று தெரிந்துகொண்டே என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் சொல்லவில்லை என்பதையும் என் பதிலிலேயே தெரிந்துகொண்டிருக்கிறாய். அப்படியும் பேருந்து வரும் வரை என்னோடு நின்றாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேனடி.

அன்று சிரித்த மேலாளரின் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். எந்தக் கடைக்குக் கொடுப்பது, எதற்குக் கொடுக்கக் கூடாது என்று எத்தனையோ கூட்டங்கள் நடத்திவிட்டேன். நீ என் மேல் வைத்த அந்த நம்பிக்கையைத் தூக்கிக்கொண்டுதான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போகிறேன், இறக்கி வைக்காமல் திரும்பி வருகிறேன். பாடு என்றால் என்னவென்று இதுவரை அங்கே ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. முதன்முதலாக இந்த மடலில்தான் சொல்லியிருக்கிறேன், என்னைவிட அதை நன்றாக அறிந்த உன்னிடம்.